நான்கு முறை செத்தவள்

அவள் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, நினைத்தபோது மக்கர் செய்யும் ஹேர் டிரையர். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று சினிமா டைரக்டரானார். அவர் மனைவி புருவம் திருத்திக்கொள்ள வரும் கடை இதுதான் என்பதால், மேக்கப் வேலை இவளுக்கு வந்தது.

படம், அந்த ஊரிலேயே நடந்த கொலைகளைப் பற்றியது. வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்ப்பதாகச் சொல்லி வீடுகளுக்குள் நுழைந்து நான்கு பெண்களைக் கொன்ற ஒருவன் இப்போது ஜெயிலில் இருக்கிறான். அவனாக நடிக்கத் தயாரிப்பாளரின் மச்சான் கிடைத்துவிட்டார். டைல்ஸ் கடைக்காரர், வாட்டசாட்டமான ஆள். சாக வேண்டிய நடிகைகள்தான் பட்ஜெட்டைக் கேட்டதும் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

“அக்கா, நீங்களே செத்துடுங்களேன்,” என்றார் டைரக்டர்.

“நாலு பேருமா?”

“முகமே தெரியாதுக்கா. விக்கை மாத்தினா போதும். செத்தவங்களை யாரு பார்க்கப் போறா? எல்லாரும் அவனைத்தான் பார்ப்பாங்க.”

அவள் கணவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். விஷயத்தைக் கேட்டு, “நான் தினம் தினம் சாவறேன். எனக்கு எவனும் கேமரா வைக்கலையே,” என்றார்.

முதல் இரண்டு சாவும் சிக்கலில்லாமல் முடிந்தன. மூன்றாவதற்கு அவள் தயாராகிக்கொண்டிருந்தபோது, மருந்துக்கடை கோட் போட்ட ஓர் இளம்பெண் படப்பிடிப்பு வீட்டுக்குள் வந்தாள். செத்தவர்கள் வீட்டு ஆளோ, கேஸ் போட வந்திருக்கிறாளோ என்று டைரக்டர் நைசாக மாடிக்கு நழுவினார். அந்தப் பெண் நேராக மேக்கப் அறைக்கு வந்தாள்.

“மூணாவதா செத்தது எங்கம்மா. நீங்கதான் எங்கம்மாவா?”

பார்லர்காரியின் கையில் இடுப்பு வரை தொங்கும் விக் இருந்தது.

“எங்கம்மாவுக்கு இவ்வளவு முடி ஏதுக்கா?” என்று சொல்லி அந்தப் பெண் கிட்டத்தட்டச் சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள்: “என்ன பண்ணப் போறீங்க?”

“‘ஐயோ, விட்டுடுங்க’ன்னு கெஞ்சணுமாம்.”

“கெஞ்சியிருக்க மாட்டாங்க. கடிச்சிருப்பாங்க. அவன் கையில பல் தடம் இருந்துச்சுன்னு கோர்ட்லயே சொன்னாங்க. பேப்பர்ல ஒருத்தரும் போடல.”

அவள் விக்கும் கையுமாக மாடிக்குப் போய் டைரக்டரிடம் சொன்னாள். “கடிச்சா வில்லனோட கெத்து என்னக்கா ஆகும்?” என்று அவர் கையை விரித்துவிட்டார்.

கேமரா ஓடியது. டைல்ஸ் கடைக்காரர் அவள் வாயைப் பொத்தினார். அவள் கெஞ்சத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கடித்தாள். அவர் “அம்மா!” என்று அலறியது தெருமுனை வரைக்கும் கேட்டதாம். வாடகை லைட்டைத் திருப்பிக் கொடுக்கும் நேரமாகிவிட்டதால் மறுபடி எடுக்க வழியில்லை. அவளே அவர் கைக்கு மருந்து போட்டுவிட்டாள். மன்னிப்பும் கேட்டாள். ஆனால் வருத்தம் மட்டும் ஏனோ வரவில்லை.

படம் வந்தது. எங்கே பார்த்தாலும் அந்தக் கடியைப் பற்றித்தான் பேச்சு. “அந்த ஒரு சீனுக்காக ஆறு மாசம் ஆராய்ச்சி பண்ணினேன்,” என்று டைரக்டர் பேட்டி கொடுத்தார். இயல்பான நடிப்புக்காக டைல்ஸ் கடைக்காரருக்கு ஒரு சங்கம் விருது கொடுத்தது. மேடையில் அவர் தழும்பைத் தூக்கிக் காட்டினார். கடித்தவளின் பெயர், மேக்கப் என்பதற்குக் கீழே, எழுத்துப் பிழையோடு ஓடி மறைந்தது.

அவள் அந்த மருந்துக்கடைப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்த்தான் படம் பார்த்தாள். அந்தக் காட்சியில் தியேட்டரே விசிலடித்தது. பெண் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“படம் இன்னும் இருக்கேம்மா?”

“பார்த்தாச்சுக்கா. மீதி அவன் கதைதானே.”

இவள் கூடவே எழவில்லை. நான்காவதாக இன்னொருத்தி சாக வேண்டியிருந்தது. அந்த நான்காமவளைப் பார்க்கவென்று வேறு யாரும் வந்திருக்கவில்லை.