மஞ்சள் துணி கட்டிய மரங்கள்

பச்சையம்மாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். திருவண்ணாமலைக் காட்டில் அவள் வேட்டைத் தடுப்புக் காவலர். முயலுக்குக் கண்ணி வைத்தவன் சிக்கினால், அவள் திட்டுவது கிரிவலப் பாதை வரை கேட்கும். ஆனால் ஒரு மான் எதிரே வந்துவிட்டால் போதும், பேச்சு மூச்சில்லாமல் வாயைப் பிளந்து நின்றுவிடுவாள்.

சினையாக இருந்த புள்ளிமான் ஒன்று தினம் காலையில் சுனைக்கு வரும். அன்று வரவில்லை. அவள் அதைத் தேடிக் கிளம்பினாள்.

சுருக்கு வைக்கிறவர்கள் இடம் தெரிவதற்காகப் பக்கத்து மரத்தில் மஞ்சள் துணி கட்டுவது வழக்கம். முந்தின நாள் பௌர்ணமி. கிரிவலம் வந்த யாரோ அப்படித் துணி கட்டிய ஒன்றை வேண்டுதல் மரம் என்று நினைத்துத் தானும் ஒரு துணி கட்ட, பின்னால் வந்தவர்களும் கட்ட, இப்போது காட்டோரம் முழுக்க மஞ்சள்.

"இந்த ஜனங்களுக்கு வேற வேலையே இல்லியா! அந்தப் பாவி கட்டுனது எதுன்னு எப்புட்றா கண்டுபுடிக்கிறது?" என்று கூட வந்த காவலர் அருள்ராஜிடம் பொரிந்தாள்.

அப்போதுதான் லுங்கி கட்டிய ஒருவன் ஒரு மரத்துத் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, முடிச்சை உற்றுப் பார்த்துக் கீழே போடுவதைக் கண்டாள்.

"என்னாப்பா அவுக்கற?"

"வேண்டுதல் பலிச்சிடுச்சுக்கா."

"அத்தனையுமா? உனுக்கு மட்டும் ரொம்ப ஜாஸ்தியா பலிக்குதே!"

அவன் ஓட்டம் பிடித்தான். அருள்ராஜ் பாய்ந்து அமுக்கினான்.

"சுருக்கு எங்கடா?"

"சத்தியமா தெரிலக்கா. எல்லாத் துணியும் ஒரே மாதிரி கீது."

புதர் புதராகத் தேடினார்கள். காரைச் செடிக்குப் பின்னால் அந்த மான் மூச்சிரைக்கக் கிடந்தது. பைக் கிளட்ச் கம்பி பின்னங்காலை இறுக்கியிருந்தது. பச்சையம்மாள் துண்டால் அதன் கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்து அணைத்துக்கொண்டாள். உள்ளங்கைக்கு அடியில் குட்டி உதைத்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அண்ணாமலையாரே!" என்றாள்.

கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டினாள். மான் எழுந்து, நொண்டி, பிறகு ஒரே தாவலில் பாறை ஏறியது. மேலே நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அது மறைந்த பிறகும் அவள் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது அவிழ்த்த துணிகள் தரையில் கிடந்தன. இவை இல்லாவிட்டால் விடியும்போதே இவன் அதை அறுத்திருப்பான். காலையில் அந்த ஜனங்களைத் திட்டியது நினைவுக்கு வந்து அவளுக்குக் கண் கலங்கியது.

"புள்ளை வேணும்னு எவ கட்டுனாளோ! அவுத்தவன் நீதானே, நீயே கட்டுறா."

அவன் கட்டினான். பச்சையம்மாள் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவனை ஜீப்பில் ஏற்றினாள்.