டுனீசியா போய்வந்த சித்தப்பா

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு முன்னறையில், டிவிக்கு மேலே ஒரு கலர் போட்டோ மாட்டியிருந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய வேன். அதன் கதவில் சாய்ந்து, ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிற என் சித்தப்பா. பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளைத் தரை. வருகிறவர்கள் பனி என்பார்கள். உப்பு என்று அப்பா திருத்துவார். "டுனீசியா. ஆப்பிரிக்காவுல வடக்கால கீது. என் தம்பி டூர் போயிட்டு வந்தான்" என்று சொல்லும்போது, கூடவே தானும் போய்வந்த மாதிரி ஒரு மிதப்பு அவர் குரலில் இருக்கும். ஃபேக்டரியில் அவரோடு வேலை பார்த்தவர்கள் திருப்பதி தாண்டிப் போனதில்லை. அந்தப் போட்டோ எங்கள் வீட்டுக்கு ஒரு மாடி கட்டியது போலத்தான்.

சித்தப்பா எண்பதுகளில் லிபியாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் டீசல் மெக்கானிக். ஒரு குளிர்காலம் மழையில் வேலை நின்றுபோக, அங்கிருந்த வெள்ளைக்கார இன்ஜினியரும் அவர் மனைவியும் எல்லை தாண்டி டுனீசியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். இன்ஜினியருக்கு முதுகுவலி. வண்டி ஓட்டச் சித்தப்பாவை அழைத்துப்போனார். அந்தப் பயணத்தைச் சித்தப்பா எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது. "வண்டின்னா வண்டி இல்லம்மா, ஊடு. உள்ளயே அடுப்பு, உள்ளயே படுக்கை. மழை பேயுது, நாங்க உள்ள குந்திகினு ரசம் சோறு துன்றோம். அந்தம்மா ஒரு வாய் ரசம் குடிச்சிட்டு இருமுச்சு பாரு!" பூமிக்குள் பள்ளம் தோண்டி வீடு கட்டி வாழ்கிறவர்கள், ஆலிவ் தோப்புகள், உப்புத்தரை நடுவே போகும் ரோடு, குளிரில் கிளம்ப அடம்பிடிக்கும் இன்ஜின் எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா வெளியே சொல்லும்போது மட்டும் இன்ஜினியரும் முதுகுவலியும் காணாமல் போய்விடுவார்கள். சித்தப்பாதான் டூர் போனார், அவ்வளவுதான்.

எனக்கு வரன் வந்தது கொரட்டூரிலிருந்து. சொந்த வீடு, ஒரே பையன், அம்பத்தூர் எஸ்டேட்டில் நல்ல வேலை. இதற்கு முன் வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்ததால் அப்பா தூக்கமில்லாமல் கிடந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் போட்டோவைப் பார்த்து அசந்துபோனார்கள். பையனின் அம்மா சித்தப்பாவிடமே கேட்டார்: "வண்டிக்குள்ளயே கக்கூஸு கூட கீதாமே? கதவைத் தொறந்து வெச்சா ஊடு நாறாது?"

சித்தப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நாறாதுங்க. கீழ ஒரு பொட்டி இருக்கும், அதுல போய் சேந்துரும். காலைல நான் அத்த எடுத்துகினு போயி, தூரமா ஒரு குழி நோண்டிக் கொட்டிட்டு, கழுவி வெச்சிருவேன். அப்பாலதான் டீயே போடுவேன்."

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த அம்மாள் கேசரித் தட்டை ஜன்னல் திண்டில் வைத்தார். தரகர் குனிந்து பஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருந்தார். பையனின் அப்பா மெதுவாக, "இவரு உங்க கூடப் பொறந்தவரா?" என்று கேட்டார்.

"ஐயோ, இல்லீங்க" என்றார் அப்பா. "எங்க ஊருப் பக்கம். தூரத்துச் சொந்தம். தம்பி தம்பின்னு கூப்ட்டுப் பழகிப்போச்சு."

இரண்டு பேர் மூக்கும் ஒரே அச்சு. குழந்தைகூடச் சொல்லிவிடும். சித்தப்பா ஒரு நொடி அப்பாவைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்க, தூரத்துச் சொந்தம்தான். தண்ணி கொண்டாறேன்" என்று எழுந்து உள்ளே வந்தார். என்னைப் பார்த்து, அழாதே, மை கலைந்துவிடும் என்று கையால் ஜாடை காட்டினார். அன்று சாயங்காலமே போட்டோ இறங்கிவிட்டது. கல்யாணத்தில் அவர் சித்தப்பாவாக மணவறைப் பக்கம் வரவில்லை. பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றார். என் இலைக்கும் அவர்தான் பரிமாறினார். தலை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் பையன் பிறந்து, தாய்வீட்டிலிருந்து கொரட்டூர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா குழந்தையைப் பார்க்க வந்தார். ஆஸ்பத்திரியிலும் ஆவடி வீட்டிலும் எங்கள் சொந்தக்காரர்கள் யாராவது சம்பந்தி வீட்டார் முன்னால் உறவு சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று அங்கெல்லாம் வராமலிருந்தவர். இஸ்திரி போட்ட சட்டை, கையில் சின்னதாக ஒரு மஞ்சள் ஸ்வெட்டர். வாசலில் நின்று, "நல்லா கீறீங்களாம்மா?" என்று கேட்டார். என்னைத் தூக்கி வளர்த்தவர், "ங்க" போட்டு விசாரிக்கிறார். நானும், "வாங்க, உக்காருங்க" என்றேன்.

என் மாமியார் கொல்லையிலிருந்து வந்தார். "நல்ல நேரத்துல வந்தீங்க. காலைலேர்ந்து கக்கூஸு அடைச்சிகினு உயிர வாங்குது. ஞாயித்துக்கெழமை ஒரு ஆளும் வரமாட்டேன்றான். நீங்கதான் இந்த வேலையெல்லாம் தெரிஞ்சவராச்சே, செத்த பாருங்களேன்." இன்றுவரை எனக்குத் தெரியாது, அந்த அம்மாளுக்கு உண்மை தெரிந்திருந்ததா என்று. தெரிந்தே கேட்டார் என்றுதான் சில நாள் தோன்றும்.

அவர் என் சித்தப்பா என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் அப்பா பொய்யர், நான் பொய்யரின் மகள். குழந்தையை அணைத்தபடி நின்றேன். சித்தப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், வேட்டியை மடித்துக் கட்டினார், மூங்கில் கழியை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். உள்ளே கழி இடிக்கும் சத்தமும் தண்ணீர் கொட்டும் சத்தமும் வெகுநேரம் கேட்டன. அந்த வெள்ளைக்காரர்களிடம் அவர் இதைச் சந்தோஷமாகத்தான் செய்தார். காலையில் அந்த வேலை முடிந்ததும் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்கள். இங்கே அவருக்குக் காபி, கொல்லைப்படியில் வந்தது.

சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்து சட்டையை மாட்டினார். ஒன்றும் தெரியாத என் வீட்டுக்காரர் நல்ல மனதோடு, "கொழந்தைய தூக்குங்க" என்று என் கையிலிருந்து வாங்கி நீட்டினார். சித்தப்பாவின் கைகள் பாதிவரை உயர்ந்தன. என் மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். கையை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, "இல்லீங்க, இன்னும் வாசனை போல. இன்னொரு நாள் தூக்கறேன்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

நான் "போயிட்டு வாங்க" என்றேன்.