சந்தனம் இறங்கிய போர்டு

சின்னமனூரில் எனக்கு நெல் அவிக்கும் மில். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் பாய்லர் மக்கர் செய்தது. தண்ணீர் ஏற்றும் மோட்டாரையும் காற்று ஊதும் விசிறியையும் ஓட்டுகிற எலக்ட்ரானிக் போர்டு செத்துக் கிடந்தது. தொட்டியிலோ கோம்பைக்காரப் பெண் ஒருவரின் நெல் ஊறிக்கொண்டிருந்தது. மகள் கல்யாணச் சாப்பாட்டுக்கான நெல். சாயங்காலத்துக்குள் நீராவி கொடுக்காவிட்டால் புளித்துப்போய்ச் சோற்றில் வாடை ஏறிவிடும். பந்தியில் அவர் மானம் போகும்.

தேனியிலிருந்து வந்த கம்பெனி மெக்கானிக் போர்டு இருக்கும் பெட்டியைத் திறந்தார். போர்டு முழுக்க மஞ்சளாகக் காய்ந்திருந்தது. பூஜை என்றால் என் மனைவிக்குக் கை தாராளம். பெட்டியின் தலையிலேயே சந்தனத்தைக் கரைத்து அப்பியிருந்தாள். அது இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிட்டது.

"தண்ணி எறங்குன போர்டுக்கு வாரண்டி இல்லண்ணே."

"சந்தனம் வைக்காம இந்த ஊர்ல எந்த மிஷினு ஓடுது? அது எறங்குற மாதிரி பெட்டி செஞ்சது ஒங்க கம்பெனிதான!"

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அவரும் லேசுப்பட்டவரில்லை. நெல்லுக்காரப் பெண் நடுவில் வந்து நின்றார்.

"சண்டைய நாளைக்கு வச்சுக்கங்கண்ணே. என் நெல்லு ஊறிக்கிட்டுக் கெடக்கு."

புது போர்டு கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். அதே போர்டு அடுத்த தெரு மில்லில் இருப்பதாக மெக்கானிக் சொன்னார். என் உமிச் சாம்பல் அந்த மில்காரர் களத்தில் பறந்த தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"அங்கன போய் நான் கேக்கமாட்டேன்" என்றேன்.

"நீங்க கேக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் விறுவிறுவென்று நடந்தார்.

திரும்பி வந்தபோது கூடவே அந்த மில்காரரும் வந்தார். தன் பாய்லரை நிறுத்தி, போர்டைக் கழற்றித் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் சொன்னார்: "அவிச்சு முடிச்சதும் குடுத்துவிடச் சொல்லுப்பா. இதுக்கும் சந்தனம் பூசிறப் போறாக."

நீராவி சீறிக்கொண்டு வந்தது. மெக்கானிக் விடவில்லை. "இப்பச் சொல்லுங்கண்ணே, தப்பு யார் மேல?" என்றார். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

கோம்பைக் கல்யாணத்தில் அந்த மில்காரருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. கல்யாணப் பெண்ணின் தாயே வந்து சோறு போட்டார்.

"வாடை எதும் வருதாண்ணே?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து இலைக்காரர் ஒரு கவளம் எடுத்து மென்றார். "வாடையா? நல்லா அவிச்சிருக்காக ஆத்தா" என்றார்.

அவிந்தது அவர் போர்டில். பெயர் எனக்கு. நன்றி என்று சொல்ல அவர் பக்கம் திரும்பினேன். அதற்குள் அவர் பரிமாறுகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"ஏப்பா, இங்கன அண்ணனுக்கு ரசம் ஊத்து."