ஒழுகாத புல்லாங்குழல்

எங்கள் தெருவில் அவருக்கு எஞ்சினியர் என்று பெயர். அவரே தனக்கு வைத்துக்கொண்டது. நாங்கள் வாதாட முடியாமல் ஒத்துக்கொண்டோம். தொழில், குழாய் பொருத்துவது. ஊர் வீடுகளின் ஒழுகலையெல்லாம் அடைத்த அந்த மகானின் சொந்தச் சமையலறைக் குழாய் மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

இவருக்குப் போய்ப் பத்து வயதில் தங்கம் போல ஒரு மகள்! வீட்டுப் பொருளில் பெற்றோரோடு சேர்ந்து ஒரு வாத்தியம் செய்து, அதில் ஒரு பாட்டு வாசித்தால் பள்ளி வாத்தியக் குழுவில் இடம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அந்த இடத்துக்காக அவள் சாப்பாட்டையே மறந்திருந்தாள்.

"புல்லாங்குழலா? பூ, நம்ம பைப்புக்கு ஆறு ஓட்டை போட்டா முடிஞ்சுது!" என்றார் அப்பா.

"ஓட்டை போடவும் தெரியுமா உங்களுக்கு? அடைக்கத்தான் தெரியும்னு நெனச்சேன்" என்றாள் மனைவி, சொட்டும் குழாயின் கீழ் வாளியை நகர்த்தியபடி.

குளியலறை வேலையில் மிஞ்சிய பிளாஸ்டிக் பைப் துண்டு, ஒரு முனைக்கு பாட்டில் தக்கை. டீச்சர் தந்த தாளைப் பார்த்து மகள் பென்சிலால் புள்ளி வைத்தாள். அப்பா அடுப்பில் ஆணியைக் காய்ச்சித் துளைத்தார். ஊதியதும் இனிமையாக ஒரு நாதம் எழுந்தது. அதோடு அந்த மனிதர் கையைக் கழுவிக்கொண்டு போயிருக்கக் கூடாதா?

கடைசி இரண்டு துளைகளை மகளின் சின்ன விரல்கள் சரியாக மூடவில்லை. கீழ்ச்சுரம் வரும்போதெல்லாம் காற்றுதான் வந்தது.

"பழகினா சரியாயிடும்ப்பா" என்றாள் அவள்.

"எனக்கா சொல்லித் தரே? இது லீக்கேஜ்!"

மறுநாள் காலை அவள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, ஓட்டை அடைக்கும் பிசினைப் பிசைந்து அந்த இரண்டு துளைகளையும் அடைத்து, பளபளவென்று தேய்த்து, துணியில் சுற்றிப் பையில் வைத்துவிட்டார். சொல்லவும் இல்லை. இன்ப அதிர்ச்சியாம்!

பள்ளி மேடையில் துணியைப் பிரித்தவள், அடைபட்ட துளைகளை விரலால் தடவிப் பார்த்தாள். ஆனாலும் ஊதினாள். பாட்டு, அந்தத் துளைகளில் வர வேண்டிய இரண்டு சுரங்களுக்கு வந்து நின்றது. குழலை உதட்டிலிருந்து எடுத்து, அந்த இரண்டையும் வாயால் பாடினாள்; மறுபடி ஊதினாள், மறுபடி பாடினாள். பக்கத்து வீடு என்று கூடப் போயிருந்த நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"குரல் நல்லாருக்கும்மா, பாட்டு வரிசையில நில்லு. வாத்தியத்துக்கு அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார் டீச்சர்.

வாசலில் அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தியா, நான் அடைக்கலைன்னா உன் குரல் யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

மகள் அவர் தோளில் தொங்கிய கருவிப் பையைத் திறந்து, ஸ்பேனர்களுக்கு நடுவே குழலைச் செருகினாள்.

"நீங்களே வெச்சுக்கோங்கப்பா. சமையல்கட்டுக் குழாய்க்கு மாட்டுங்க. ஒழுகாது."

அவர் குழலின் வாயை விரலால் அளந்து பார்த்தார்.

"அளவு பத்தாதே, கண்ணு" என்றார், மிகுந்த அக்கறையோடு.