இங்கேயே செய்த துப்பாக்கி

ஆக்லாந்தின் ஹென்டர்சனில், சுபத்ரா அக்காவின் லேத் பட்டறையில் நிற்கிறேன். ஒரு பண்ணைக்காரர் இரும்புக் குழலை மேசையில் வைத்து, துப்பாக்கிக்குக் கடைந்து தரச் சொல்கிறார். லைசென்ஸ் இல்லை, ஆனால் துப்பாக்கி தன் பண்ணையை விட்டு வெளியே போகாதாம். அக்கா குழலை அவர் பக்கமே தள்ளிவிடுகிறார்.

நான் டெக்ஸாஸிலிருந்து வந்தவன். சும்மா இருக்க முடியவில்லை.

"எங்க மாநிலமும் துப்பாக்கிச் சத்தத்தை அடக்குற குழாய்க்கு இதைத்தான்க்கா சொல்லுது. இங்கேயே செஞ்சு இங்கேயே வச்சுக்கிட்டா மத்திய அரசு தலையிடக் கூடாதுன்னு. எனக்கும் அது சரின்னுதான் படுது."

"ஆற்ற சட்டம் பெரிசு எண்டு நீங்கள் அங்க சண்டை பிடியுங்கோ, தம்பி. நாளைக்கு இது ஆரையும் சுட்டா, கடைஞ்சது நான்தானே?"

பண்ணைக்காரர் இன்னும் நகரவில்லை. அக்கா சந்தனப் பொட்டு வைத்த லேத்தை ஓடவிடுகிறார். அந்த இரைச்சலில் இனி பண்ணைக்காரர் பேச்சும் என் பேச்சும் அக்காவுக்குக் கேட்காது.