திருக்கைத் தோலும் சம்மனசும்

மரத்தில் சுரூபம் செதுக்கும் சவிரிமுத்தர் முகம் வழிக்கிறார். மற்ற நாட்களில் தாடி தன் பாட்டுக்கு வளரும்; ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும்போதும் அவர் கத்தியைத் தொடுவதில்லை. செதுக்கு முடிந்து தேய்ப்பு வேலை தொடங்கிவிட்டால் மட்டும், காலையில் முருங்கை மரத்தில் செருகிய கண்ணாடித் துண்டின் முன் நின்று, இரண்டு கன்னங்களையும் சுத்தமாக வழித்துவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவார். நாரந்தனைச் சந்தியில் அவரை அப்படிக் கண்டவர்கள், "சவிரி அண்ணை வழிச்சுப்போட்டார், சுரூபம் முடியப்போகுது" என்று பேசிக்கொள்கிறார்கள்.

இந்த முறை சுரூபம் ஒரு சம்மனசு, இறகு வைத்த வானதூதர். திருநாளன்று அந்தோனியாரைத் தூக்கிச் செல்லும் கூடு என்னும் சப்பரத்தின் முகப்பில் வைப்பதற்காகக் கோயில் மூப்பர் லியோன் சொல்லிச் செய்விப்பது. ஒன்றரை முழ உயரம், பூவரசு மரம். இறகுகளை உளியால் ஒவ்வொன்றாக எழுப்பிய பிறகு அரம் பிடிப்பார். அரத்துக்குப் பிறகு காய்ந்த திருக்கை மீன் தோலால் தேய்ப்பு: முதலில் முரடான முதுகுத் தோல், பிறகு ஓரத்து மெல்லிய தோல். கடைசியில் தேன்மெழுகு. அந்த மாதங்களில் திருக்கைக் கறியைத் தொடமாட்டார். "தோலிட்டை வேலை வாங்கிப்போட்டுச் சதையையும் தின்னுறதோ?" என்பது அவருடைய நியாயம்.

தேய்த்தது போதுமா என்பதை உளி பிடித்துக் காய்த்த விரல் சொல்லாது. அதைச் சொல்லி வந்தவர் அவர் மனைவி அல்போன்சம்மா. கூப்பிட்டதும் குசினியிலிருந்து வந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுக் குனிந்து, சுரூபத்தின் முகத்தில் தன் கன்னத்தை வைப்பார். உறுத்தினால் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குத் திரும்பிவிடுவார். சவிரிமுத்தர் மறுபடி தோலை எடுப்பார். உறுத்தாவிட்டால், போதும் என்பதற்கு, "காணும்" என்பார். அந்த ஒரு சொல்லோடு வேலை முடியும்.

அல்போன்சம்மா 1968 ஐப்பசியில் காலமானார். அடுத்த வருசம் செய்த சம்மனசுக்குத்தான் சவிரிமுத்தர் முதன்முதலாகத் தன் கன்னத்தை வழித்தார். வைத்துப் பார்த்தார், நம்பிக்கை வரவில்லை. தேய்த்தார். மறுபடி வைத்தார். திருநாள் நெருங்கியபோது சம்மனசின் உதடுகள் தேய்ந்து மறைந்திருந்தன. "வாயில்லாச் சம்மனசு தோத்திரம் பாடுமோ அண்ணை?" என்று கேட்டுவிட்டு லியோன் வெறுங்கையோடு போனார். அந்தச் சுரூபம் இப்போது குசினி மாடத்தில் நிற்கிறது. சவிரிமுத்தர் அதற்கு முன்னால் சம்மணமிட்டுச் சாப்பிடுகிறார். உப்புக் கூடினாலும் குறை சொல்லாதாம்.

மூன்று வருசம் கழித்து மூப்பர் இன்னொரு தரம் நம்பி மரத்தைத் தந்திருக்கிறார். இதுவும் கெட்டால், கொழும்பிலிருந்து சாந்தில் வார்த்த சுரூபம் எடுப்பதென்று கோயிலில் பேசி முடித்தாயிற்று. கோயிலே கைவிட்டால் உளிவேலை சொல்லி வேறு யாரும் அந்தப் படலையைத் திறக்கப் போவதில்லை. அது அவருக்கும் தெரியும். முகம், கை, இறகு எல்லாம் முடிந்துவிட்டன. ஆனாலும் தேய்ப்பு நிற்கவில்லை. தோலைக் கீழே வைத்ததும் தலை தன்னாலே குசினிப் பக்கம் திரும்புகிறது. பிறகு கை மறுபடி தோலை எடுத்துவிடுகிறது. வலது புருவம் மெலிந்துகொண்டு வருகிறது. பார்த்துக்கொண்டே தேய்க்கிறார்.

"என்ர கன்னம் அறுபது வருசம் வெய்யில் குடிச்ச மரம்," என்கிறார். "மரம் மரத்தைத் தொட்டு என்னத்தை அறியும்?"

திருக்கைத் தோலைக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுப்பவள் ஞானசவுந்தரி. மீன் விற்கும் கைம்பெண். ஐம்பதை நெருங்கும் வயது. தோலை நீட்டிவிட்டுப் படலையோடு திரும்பிப் போவதுதான் வழக்கம். இந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வந்தபோது சவிரிமுத்தர் அவளை உள்ளே வரச் சொன்னார். வந்து நின்றாள். அவர் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன அண்ணை, தோல் சரியில்லையோ?"

"தோல் நல்லம். பிள்ளை, உம்மட கன்னத்தை ஒருக்கா இதின்ர முகத்திலை வைச்சுப் பாரும்."

"மீன் மணக்குமெல்லே."

"மணக்கட்டும். உறுத்துதோ எண்டு மட்டும் சொல்லும்."

அவள் சிரிப்பாள், ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள் என்றுதான் அவர் இத்தனை நாள் கேட்காமல் இருந்தார். அவள் சிரிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி வந்தாள். அவள் சுரூபத்தருகே குனிந்தபோது சவிரிமுத்தர் எழுந்து, வேலிக்கு அப்பால் தெரியும் கடலைப் பார்த்தபடி அவளுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

அவள் அவசரப்படவில்லை. ஒரு கன்னத்தை வைத்தாள், பிறகு மற்றதை.

"ஒரு இடத்திலையும் உறுத்தேல்லை அண்ணை."

அவர் திரும்பவில்லை. கையில் இருந்த திருக்கைத் தோலை மட்டும், கை மறுபடி தேய்க்கப் போகாதபடி அவள் வாங்கிக்கொள்ளட்டும் என்று, முதுகுக்குப் பின்னால் நீட்டினார்.