மெழுகுவத்தி ஏலத்தில் நான் எடுத்த சேவல்

ஞானசிகாமணி என்ற பெயரைப் பலகையில் பார்த்ததும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

எழுபத்தொரு வயதில் வாசிக்கக் கற்றவன் நான். இந்த ஊரில் கடைப் பலகையெல்லாம் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் இருப்பதால், எனக்கு வாசிக்கக் கிடைப்பது நம் தமிழ்ச் சபைக் கோயிலின் அறிவிப்புப் பலகைதான். அன்று புதிதாக ஒட்டியிருந்த தாளில் 'ஞா'வைக் கண்டுபிடித்தேன். மூன்று வாரம் என்னைப் படாத பாடு படுத்திய எழுத்து அது. மற்ற எழுத்துகளையும் கூட்டி முடித்துவிட்டு, "நம்ம சார் பேரு போட்டிருக்கு, நானே வாசிச்சுட்டேன்" என்று எஸ்தரிடம் சிரித்தேன். கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எஸ்தர்தான் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவள். அவள் சிரிக்கவில்லை. "அடுத்த வரியையும் வாசிங்க தாத்தா" என்றாள். மெதுவாக வாசித்தேன். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று இருந்தது.

புதிதாக நம் சபைக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஞானசிகாமணி சார் செகந்தராபாத் ரயில்வே ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மௌலா அலியில் வீடு. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே ஐம்பது வருஷம் இருந்தும் 'வே' போடாமல் அவருக்குப் பேச வராது. நான் இந்தக் கோயிலில் கோயில்குட்டியாக இருந்தேன். மணி அடிப்பது, பெருக்குவது, விளக்கேற்றுவது என் வேலை. காம்பவுண்டுக்குள் ஒரு அறை கொடுத்திருந்தார்கள், குடும்பத்தோடு அங்கேதான் இருந்தேன்.

அறுப்பின் பண்டிகையில் நீங்கள் படைக்கும் பூசணியும் கேக்கும் கோழியும் இப்போது மைக்கில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று ஏலம் போகின்றன. சார் நடத்திய காலத்தில் அப்படி இல்லை. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஓர் அங்குல மெழுகுவத்தித் துண்டைப் பீங்கான் தட்டில் ஒட்டி ஏற்றுவோம். அது எரிகிறவரை யாரும் ஏலம் கேட்கலாம். சுடர் போகும்போது கடைசியாகக் கேட்டிருப்பவருக்குப் பொருள். சார் தட்டுக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்பார். கேட்ட தொகையைத் திரும்பச் சொல்வதோடு சரி, வேறொன்றும் பேச மாட்டார். பீடத்து மெழுகுவத்திகளில் மிஞ்சியதை அளந்து வெட்டித் தருவது நான்.

இதை எங்கே பிடித்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். ரயில்வே லைப்ரரியில் படித்தாராம். "சீமையில ஒரு காலத்துல கப்பலையே இப்படித்தான்வே வித்தான். பிரான்சுல ஒயினை இன்னைக்கும் இப்படி விக்கிறான். சில ஊர்ல வத்தியில குண்டூசியைக் குத்தி வைப்பான். மெழுகு உருகி ஊசி விழுந்தா முடிஞ்சுது." பிறகு சொன்னார்: "சுத்தியல் மனுஷன் கையில இருக்கு. வேண்டியவன் கேட்டா வேகமா விழும், வேண்டாதவன் கேட்டா மெதுவா விழும். வத்திக்கு முகதாட்சண்யம் கிடையாது."

அது வெறும் பேச்சு இல்லை. ஒரு வருஷம் எலுமிச்சை ஊறுகாய் ஜாடிக்கு அவருடைய மனைவி கிரேஸ் அம்மாவே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்கும் சுடர் அணைவதற்கும் சரியாக இருந்தது. ஜாடி வேறொருவருக்குப் போயிற்று. "நான் கேட்டது உங்க காதுல விழலியா?" என்றார் அம்மா. "விழுந்துச்சு. வத்திக்குத்தான் விழலை" என்றார் சார். கூடம் முழுக்கச் சிரித்தது. அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை என்று கேள்வி.

இனி என் கதை. ஸ்டீபன் என்ற கான்ட்ராக்டர் ஒருவர் நம் சபையில் இருந்தார். ஏலத்தில் சேவல் எப்போதும் அவருக்குத்தான். தேவைக்காக அல்ல, பெருமைக்காக. "என்ன கோயில்குட்டி, வருஷா வருஷம் வத்தி மட்டும்தானா? ஒரு தேங்காயாவது கேக்கிறது. எதுக்கு பயம்?" என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். "நக்கோ சார், வேணாம், நமக்கு எதுக்கு" என்று நானும் சிரிப்பேன். அறைக்குப் போனால் சோறு இறங்காது.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், பண்டிகைக்கு முந்தின நாள் சேவலுக்கான வத்தியை வெட்டினேன். வெட்டியதைக் கவிழ்த்து, அடியிலிருந்து குண்டூசியால் திரியைப் பாதிவரை உருவினேன். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாதி எரிந்ததும் திரி தீர்ந்து சுடர் போய்விடும்.

மறுநாள் ஸ்டீபன் ஒரு தொகையைச் சொல்லிவிட்டுக் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். மெழுகு தட்டோடு தட்டாக உருகும்போதுதான் உண்மையான போட்டி தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சிறுத்ததும் ஐம்பது ரூபாய் கூட்டிச் சொன்னேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் மறுபடி வத்தியைப் பார்த்தபோது புகைதான் இருந்தது.

"பாதி வத்தி அப்படியே இருக்கு, எப்படி அணையும்?" என்று ஸ்டீபன் எழுந்தார்.

சார் என்னைப் பார்த்தார். "யோசேப்பு, வத்தி நீரு வெட்டினதுதானே?"

"ஆமா சார்."

"வழக்கம் போலத்தானே வெட்டினீரு?"

"வழக்கம் போலத்தான் சார்."

"சுடர் போயிடுச்சு. சேவல் யோசேப்புக்கு" என்று சார் அறிவித்தார். சபையார் நீங்கள் கைதட்டினீர்கள். எனக்காக யாராவது கைதட்டியது அதுவே முதல் தடவை.

கூடம் காலியானபின் நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சார் தட்டிலிருந்து வத்தியைப் பெயர்த்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் பக்கம் திரும்பவில்லை.

ஸ்டீபன் விடவில்லை. கோயில்குட்டிமேல் இரக்கப்பட்டு சார்தான் வத்தியில் ஏதோ செய்துவிட்டார் என்று கமிட்டியில் சொன்னார். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு அவ்வளவு யோசனை ஓடாது என்று நினைத்தார்கள். கமிட்டி கூடிய அறைக்குத் தண்ணீர் கொண்டுபோனவன் நான்தான். "ஏலம் நடத்தினவன் நான். பொறுப்பு என்னுது" என்று சார் சொன்னதை என் காதால் கேட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர்கள் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். நான் தம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தேன். சொல்லியிருந்தால் வேலையும் அறையும் போயிருக்கும். அடுத்த வருஷம் மைக் வந்தது. சார் அதன்பிறகு எந்த ஏலத்துக்கும் வரவில்லை.

கமிட்டி கூடிய வாரம் ஆராதனை முடிந்து வாசலில் என்னைப் பார்த்து, "சேவல் நல்லா இருந்துச்சாவே?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். "நல்லா இருந்துச்சு சார்" என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்து, வீட்டில் எல்லோரும் ருசித்துச் சாப்பிட்டோம். அதை எழுதத்தான் மிகவும் வெட்கமாக இருக்கிறது.

அடக்க ஆராதனையில் ஒரு பெரியவர் அவரைப் புகழ்ந்து பேசினார். "ஏழைக் கோயில்குட்டிக்காக ஏலத்தில் ஒரு சின்னப் பொய் செய்தார். அந்தப் பொய்யிலும் அன்பு இருந்தது" என்றார். உங்களில் பலர் தலையசைத்தீர்கள். யாரோ என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். ஞானசிகாமணி சார் எனக்காகப் பொய் செய்யவில்லை. யாருக்காகவும் செய்யவில்லை.

இதை எழுத ஐந்து வாரம் ஆயிற்று. ஒவ்வொரு வரியாக எழுதும்போது, இந்தக் கையால் இவ்வளவு முடிகிறதே என்று சந்தோஷம் வந்துகொண்டே இருந்தது. என்ன எழுதுகிறேன் என்று நினைவு வந்ததும் அந்தச் சந்தோஷம் கூசியது. எஸ்தர் பிழை திருத்திவிட்டு, "இதெல்லாம் சபை மலர்ல வரணுமா தாத்தா?" என்றாள். வரணும் என்றேன்.

ஆனால் முதலில் மௌலா அலிக்குப் போய்க் கிரேஸ் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். திக்கித் திக்கி வாசித்தேன். முடிந்தபின் அவர் சொன்னார்:

"அன்னைக்கே வீட்டுக்கு வந்து சொல்லிட்டாரு யோசேப்பு. கமிட்டியில போய்ச் சொல்லுங்கன்னு நான் சண்டை போட்டேன். 'அது யோசேப்பு சொல்ல வேண்டியது, அவரு வருவாரு'ன்னாரு. அந்த வருஷம் பூரா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் யாரு கதவைத் தட்டினாலும் நீங்கதான்னு எழுந்திரிப்பாரு. அப்புறம் எழுந்திரிக்கிறதை விட்டுட்டாரு."

நான் தாள்களை மடித்து அவர் முன்னால் வைத்தேன். "ஒரு வரிகூடக் குறைக்காம போடச் சொல்லுங்க" என்று தாள்களை என்னிடம் கொடுத்தார்.

ஒரு வருஷம் முழுக்க ஒரு மனிதர் நான் வருவேன் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கைக்கு நான் தகுந்தவனாக இல்லை. ஆனாலும் அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அதுதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன். அவர் பெயர்மேல் இருக்கிற பொய்யைச் சபையார் எடுத்து என் பெயர்மேல் வையுங்கள்.

யோசேப்பு